முதல் பதிப்பா, மறுபதிப்பா? பிங்க் ஃப்ளாய்டின் 'பைப்பர்' எல்பி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய ராக் இசைத்தட்டுகளைச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே வந்து சேரும் ஆல்பம் ஒன்று உண்டு: பிங்க் ஃப்ளாய்டின் 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்'. 1967 ஆகஸ்டில் இங்கிலாந்தில் வெளியான இது அந்த பிரிட்டிஷ் ராக் குழுவின் முதல் எல்பி, அதாவது முழு ஆல்பம் அடங்கிய இசைத்தட்டு. சிட் பாரட் முன்னால் நின்று பாட்டெழுதி, பாடி, கிடார் வாசித்த குழுவின் ஒரே முழு ஆல்பமும் இதுதான். அடுத்த ஆண்டே அவர் குழுவிலிருந்து போய்விட்டார். லண்டனில் இ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் அபே ரோடு ஸ்டூடியோவில் 1967 பிப்ரவரியில் ஒலிப்பதிவு தொடங்கியது. பக்கத்து அறையில் பீட்டில்ஸ் வேலை செய்துகொண்டிருந்த நாட்கள் அவை. தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித், அதற்கு முன் பீட்டில்ஸின் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தவர். சைகடெலிக் ராக் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தத் தட்டைத்தான்.

இதன் பிரிட்டிஷ் முதல் பதிப்பு இன்று விலை உயர்ந்த பொருள். விலை உயர்ந்த எதையும் போல, இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்பதும் இதில் நடக்கிறது. பெரும்பாலும் விற்பவர் ஏமாற்றுவதில்லை. அவருக்கே என்ன வைத்திருக்கிறோம் என்று தெரியாது. '1967' என்று தட்டின் நடுவே ஒட்டிய லேபிளில் அச்சாகியிருப்பதைப் பார்த்து '1967 ஒரிஜினல்' என்று எழுதிவிடுவார். அது ஒலிப்பதிவு வெளியான ஆண்டு. கையில் இருக்கும் தட்டு அச்சான ஆண்டு அல்ல. பத்து வருடம் கழித்து வந்த மறுபதிப்பிலும் அதே ஆண்டு இருக்கும். ஆகவே விற்பவர் சொல்வதை விட்டுவிட்டு, தட்டு என்ன சொல்கிறது என்று படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு மாலை நேரம் செலவழித்தால் போதும்.

முதலில், எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இந்த ஆல்பம் மோனோ (ஒலி முழுவதும் ஒரே தடமாக), ஸ்டீரியோ (இடது, வலது என்று பிரிந்து) என்று இரண்டு வடிவங்களில் வந்தது. பட்டியல் எண் மோனோவுக்கு எஸ்எக்ஸ் 6157, ஸ்டீரியோவுக்கு எஸ்சிஎக்ஸ் 6157. ஒரே ஒலிப்பதிவுதான், ஆனால் இரண்டும் தனித்தனியாக மிக்ஸ் செய்யப்பட்டவை. அன்றைய பிரிட்டனில் இளைஞர்கள் வீட்டில் இருந்தது பெரும்பாலும் ஒற்றை ஸ்பீக்கர் ரெக்கார்டு பிளேயர்; அதனால் ஸ்டூடியோவில் கவனமெல்லாம் மோனோவுக்கே போனது. ஸ்டீரியோ மிக்ஸ் அதன்பிறகு விரைவாக முடிக்கப்பட்டது. கேட்டால் வித்தியாசம் தெரியும். மோனோவில் கிடாரும் ஆர்கனும் ஒன்றன்மேல் ஒன்று அடர்த்தியாக வந்து மோதும். ஸ்டீரியோவில் 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' முடியும் இடத்தில் ஒலி இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே சுழன்று ஓடும். அந்த அனுபவம் மோனோவில் கிடையாது. என் ஓட்டு மோனோவுக்கு. ஆனால் அந்தச் சுழற்சிக்காகவே ஸ்டீரியோவைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கேட்பதுதான் நோக்கம் என்றால் முதல் பதிப்பு தேவையே இல்லை. 2016-இல் பிங்க் ஃப்ளாய்ட் ரெக்கார்ட்ஸ் என்ற வெளியீட்டு லேபிளில் வந்த ஸ்டீரியோ மறுபதிப்பு புத்தம்புதிதாக, இரைச்சல் இல்லாமல் ஓடும். மோனோ மிக்ஸ், இசைத்தட்டுக் கடைகளைக் கொண்டாடும் நாளான 'ரெக்கார்டு ஸ்டோர் டே'யை ஒட்டி 2018-இல் மறுபடியும் எல்பியாக வந்தது. முதல் இரண்டு ஆல்பங்களையும் சேர்த்து 1970களில் வெளியிட்ட 'எ நைஸ் பேர்' என்ற இரட்டை எல்பி பழைய தட்டுக் கடைகளில் கிடைக்கும். அதை வாங்கினால் பிரிட்டிஷ் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்கப் பதிப்பில் 'அஸ்ட்ரானமி டோமினே' ஸ்டூடியோ வடிவத்துக்குப் பதிலாக மேடைப் பதிவு இருக்கிறது.

முதலில் இவற்றில் ஒன்றை வாங்கி நன்றாகக் கேளுங்கள். பாட்டு மனதில் பதிந்த பிறகும் 1967 தட்டு வேண்டும் என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

எந்த நாட்டுத் தட்டு?

சேகரிப்பாளர்கள் 'ஒரிஜினல்' என்று சொல்வது பிரிட்டிஷ் பதிப்பைத்தான். அமெரிக்காவில் கேப்பிட்டல் நிறுவனத்தின் துணை லேபிளான டவர் இதை வெளியிட்டது. தட்டின் உறையான அட்டையில் பெயர் வெறும் 'பிங்க் ஃப்ளாய்ட்'. பாடல்களையும் மாற்றிவிட்டார்கள்: 'அஸ்ட்ரானமி டோமினே', 'ஃப்ளேமிங்', 'பைக்' மூன்றையும் எடுத்துவிட்டு, சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக வந்த 'சீ எமிலி ப்ளே'யை முதலில் வைத்தார்கள். 11 பாடல்கள் 9 ஆகிவிட்டன. வரலாற்றுப் பொருளாக டவர் பதிப்புக்கும் மதிப்பு உண்டு, ஆனால் 'பைக்' இல்லாத 'பைப்பர்' எனக்குப் பாதி ஆல்பம்தான். ஜப்பானில் ஒடியன் லேபிளில் வந்த ஆரம்பகாலத் தட்டு சிவப்பு வினைலில் அச்சானது. அது தனி உலகம், விலையும் தனி.

இங்கே புதியவர்கள் குழம்பும் ஒரு விஷயம்: 'பைப்பர்' வந்தது கொலம்பியா லேபிளில். அமெரிக்காவில் கொலம்பியா என்பது அன்று சி.பி.எஸ். நிறுவனத்தின் லேபிள். பிரிட்டனில் அதே பெயர் இ.எம்.ஐ.க்குச் சொந்தமாக இருந்தது. இரண்டுக்கும் அப்போது தொடர்பே இல்லை. நம் வீடுகளில் பழைய தமிழ்ப் பட இசைத்தட்டுகள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கொலம்பியா லேபிளில் இரட்டை ஸ்வரக் குறி இருக்கும். இங்கே நாம் பேசுவது அந்தக் குடும்பத்து கொலம்பியாவைப் பற்றி.

லேபிளைப் பார்ப்பது

தட்டின் நடுவில் இருக்கும் வட்டக் காகிதம்தான் முதல் சாட்சி. 1967-இன் கொலம்பியா லேபிள் கறுப்பும் நீலமும் கலந்தது. ஓரத்தைச் சுற்றி 'தி கிராமஃபோன் கோ. லிமிடெட்' என்று தொடங்கும் எழுத்து ஓடும். நடுவில், 'நிர்ணயித்த மறுவிற்பனை விலை நிபந்தனைகளுக்கு உட்பட்டு பிரிட்டனில் விற்கப்படுகிறது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் இருக்கும். விலையை உற்பத்தியாளரே கட்டுப்படுத்திய காலத்தின் மிச்சம் அது. 1969 வாக்கில் இ.எம்.ஐ. அந்த வாசகத்தை எடுத்துவிட்டது. கூடவே லேபிளும் மாறியது: வெள்ளியும் கறுப்புமாக, ஒரு சின்னப் பெட்டிக்குள் இ.எம்.ஐ. என்ற எழுத்துகள். பிறகு அந்தப் பெட்டி இரண்டாயிற்று. 1970களில் ஓரத்து எழுத்து 'இ.எம்.ஐ. ரெக்கார்ட்ஸ் லிமிடெட்' என்று மாறியது. 1980களில் ஃபேம் என்ற மலிவு விலை லேபிளிலும் இந்த ஆல்பம் வந்தது.

ஆக, நீலம்–கறுப்பு லேபிளும் விலை நிபந்தனை வாசகமும் இல்லையென்றால் அது முதல் பதிப்பு இல்லை. மற்ற எதையும் பார்க்க வேண்டியதில்லை. மோனோ தேடுகிறவர்களுக்கு இதில் வேலை குறைவு. 1960களின் இறுதியோடு பாப் எல்பிகளை மோனோவில் வெளியிடுவதை இ.எம்.ஐ. நிறுத்திவிட்டது, அதனால் பழைய மோனோ தட்டு என்றாலே அது அந்த முதல் சில ஆண்டுகளுக்குள் அச்சானதுதான். ஸ்டீரியோ பல பத்தாண்டுகள் தொடர்ந்து அச்சானது. கண்ணை நன்றாகத் திறந்து பார்க்க வேண்டியது அங்கேதான்.

வெற்றுப் பகுதியைப் படிப்பது

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. கடைசிப் பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே பாட்டு இல்லாத வழவழப்பான வளையம் ஒன்று இருக்கிறது. சேகரிப்பாளர்கள் அதை ரன்-அவுட் அல்லது டெட் வாக்ஸ் என்பார்கள். தொழிற்சாலை தன் குறிப்புகளை எழுதி வைத்திருப்பது அங்கேதான். மேலே இருக்கும் குழல்விளக்கு வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. தட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, ஒரு பக்கத்திலிருந்து கைபேசி டார்ச்சை அடித்து, மெல்லச் சாய்த்துக்கொண்டே சுற்றுங்கள். ஒரு கோணத்தில் எழுத்துகள் சட்டென்று எழுந்து நிற்கும்.

எக்ஸ்ஏஎக்ஸ் அல்லது ஒய்ஏஎக்ஸ் என்று தொடங்கும் எண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எக்ஸ்ஏஎக்ஸ் என்றால் கொலம்பியா மோனோ. ஒய்ஏஎக்ஸ் என்றால் கொலம்பியா ஸ்டீரியோ. இதுதான் மேட்ரிக்ஸ் எண். அதன் முடிவில் ஒரு கோடும் ஓர் எண்ணும் வரும். -1 என்றால் அந்தப் பக்கத்துக்காக வெட்டிய முதல் மூலத்தட்டிலிருந்து வந்தது என்று பொருள். இப்போது மேட்ரிக்ஸ் எண்ணைக் கடிகாரத்தின் 6 மணி இடத்துக்கு, அதாவது உங்களுக்கு நேர் கீழே கொண்டுவாருங்கள். 9 மணி இடத்தில் தனியாக ஓர் எண் இருக்கும். 3 மணி இடத்தில் ஓரிரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும்.

இவை என்ன? அரக்குப் பூசிய தட்டில் முதலில் ஒலியை வெட்டுவார்கள். அதிலிருந்து உலோகத்தில் ஒரு எதிர்ப்படி, அதிலிருந்து 'மதர்' எனும் நேர்ப்படி, அந்த மதரிலிருந்து 'ஸ்டாம்பர்' எனும் அச்சு. ஸ்டாம்பரை வைத்துத்தான் சூடான வினைலை அழுத்துகிறார்கள். ஒரு ஸ்டாம்பர் சில நூறு தட்டுகளுக்குப் பிறகு தேய்ந்துவிடும், அடுத்ததை மாட்டுவார்கள். 9 மணி எண் எந்த மதர் என்று சொல்கிறது. 3 மணி எழுத்துகள் எந்த ஸ்டாம்பர் என்று சொல்கின்றன.

எழுத்தை எண்ணாக மாற்ற இ.எம்.ஐ. வைத்திருந்த சங்கேதம் அழகானது: கிராமஃபோன் லிமிடெட் என்ற தங்கள் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, ஹெச் 7, எல் 8. அப்புறம் டைகருக்கு வரும் டி 9, டாக்டருக்கு வரும் டி 0. ஆக ஆர்எம் என்று இருந்தால் 24-ஆவது ஸ்டாம்பர். ஜி மட்டும் தனியாக இருந்தால் அந்த மதரின் முதல் ஸ்டாம்பர். அதைப் பார்த்தால் எந்தச் சேகரிப்பாளருக்கும் நெஞ்சு படபடக்கும்.

ஆனால் இந்த எண்களை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அதே உலோக மூலங்களை இ.எம்.ஐ. ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியது. வெள்ளி–கறுப்பு லேபிள் ஒட்டிய பிற்காலத் தட்டிலும் -1 இருக்கலாம். லேபிள், மேட்ரிக்ஸ், அட்டை மூன்றும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். எதாவது ஒன்று வேறு காலத்தைச் சொன்னால், இரண்டு வேறு பிரதிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பழைய நல்ல அட்டைக்குள் பிற்காலத் தட்டைச் செருகி விற்பது அடிக்கடி நடக்கிறது. இ.எம்.ஐ. தட்டுகளில் மேட்ரிக்ஸ் எண் இயந்திரத்தால் குத்தியது போல ஒரே சீராக இருக்கும். கையால் கிறுக்கியது போல இருந்து, மதர் எண்ணும் ஸ்டாம்பர் எழுத்தும் இல்லாமலும் போனால், போலித் தட்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அட்டை

முன்பக்கப் படத்தை எடுத்தவர் விக் சிங். நான்கு பேரும் பல மடங்காகத் தெரியும் அந்த விளைவு, பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் அவருக்குக் கொடுத்திருந்த ஒரு ப்ரிஸம் லென்ஸால் வந்தது. பின்பக்கத்தில் உள்ள நிழலுருவ ஓவியம் சிட் பாரட் வரைந்தது.

முதல் பதிப்பு அட்டையின் முன்பக்கம் பளபளப்பான லேமினேஷன். பின்பக்கம் லேமினேஷன் இல்லாத காகிதம். முன்பக்கத் தாளின் விளிம்புகள் மூன்று பக்கமும் மடங்கி பின்பக்கத்தின் மேல் ஒட்டியிருக்கும். இதற்கு ஃப்ளிப்பேக் என்று பெயர். கையில் எடுத்தால் அந்த மடிப்பின் மேடு விரலில் தட்டுப்படும். போலி அட்டைகளில் அந்த மடிப்பையே படமாக அச்சிட்டிருப்பார்கள். தடவினால் சமதளமாக இருக்கும். படத்தின் கூர்மையும் குறைந்திருக்கும், ஏனென்றால் அது ஓர் அட்டையை ஸ்கேன் செய்து அச்சிட்டது.

சேதங்களில் மன்னிக்கக்கூடியவை, மன்னிக்கக் கூடாதவை என்று இருக்கின்றன. முதல் சொந்தக்காரர் பேனாவால் பின்பக்கம் பெயர் எழுதியிருந்தால் எனக்குப் பிரச்சினை இல்லை, விலையும் குறையும். லேமினேஷன் சுருங்கி மடிந்திருப்பது இந்த வயதில் இயல்பு. ஆனால் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த அட்டையை வாங்காதீர்கள். அது உங்கள் அலமாரியில் உள்ள மற்றவற்றுக்கும் பரவும். உள்ளே இருக்கும் காகித உறையையும் கேளுங்கள். அந்தக் காலத்து இ.எம்.ஐ. உள்ளுறைகளில் எமிடெக்ஸ் என்ற தட்டு துடைக்கும் துணிக்கான விளம்பரம் இருக்கும். அது இல்லாவிட்டாலும் தட்டு வாங்கலாம், இருந்தால் நல்லது.

விற்பவரிடம் என்ன கேட்பது

தட்டின் நிலையைச் சொல்ல இரண்டு அளவுகோல்கள் புழக்கத்தில் உள்ளன. கோல்ட்மைன் என்ற அமெரிக்க முறையில் மிண்ட், நியர் மிண்ட், வெரி குட் ப்ளஸ், வெரி குட், குட் என்று இறங்கும். இசைத்தட்டுகளை வாங்கவும் விற்கவும் உதவும் டிஸ்காக்ஸ் இணையதளம் இதைத்தான் பயன்படுத்துகிறது. பிரிட்டனில் 'ரெக்கார்டு கலெக்டர்' இதழின் முறை: மிண்ட், எக்ஸலன்ட், வெரி குட், குட், ஃபேர், புவர். சொற்கள் ஒன்றுபோல இருந்தாலும் அளவு வேறு, எனவே எந்த முறையில் சொல்கிறார் என்று முதலில் கேட்டுவிடுங்கள். ஒன்றை மனதில் வையுங்கள்: இரண்டு முறையிலும் 'குட்' என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இரைச்சலோடு ஓடும் தட்டு அது.

பார்த்து மட்டும் சொன்னாரா, ஓட்டிப் பார்த்துச் சொன்னாரா என்பது அடுத்த கேள்வி. இந்த ஆல்பத்தில் அது மிக முக்கியம். 1967-இல் இதை வாங்கிய பையன்களில் பலரிடம் இருந்தது கனமான முள் கொண்ட சாதாரண பிளேயர்கள். அவை மேலோட்டமான கீறல் எதுவும் இல்லாமலே பள்ளங்களைத் தேய்த்துவிடும். தட்டு பளபளவென்று தெரியும். போட்டால் உரக்கப் பாடும் இடங்களில் கரகரக்கும். இந்தத் தேய்மானம் முதலில் தெரிவது தட்டின் உட்பகுதியில், அதாவது ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டில். எனவே விற்பவரிடம் இரண்டு சின்ன ஒலித்துண்டுகள் கேளுங்கள். ஒன்று, 'அஸ்ட்ரானமி டோமினே'யின் தொடக்கம்: மெகாஃபோனில் கோள்களின் பெயர்களை வாசிக்கும் குழுவின் மேலாளர் பீட்டர் ஜென்னரின் குரல் மெல்ல வரும் அந்த அமைதியில் சின்ன டிக் சத்தம்கூட மறையாது. இன்னொன்று, இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டான 'பைக்': பாட்டு முடிந்து கடிகாரங்களும் மணிகளும் ஒன்றாகக் கிளம்பும் இடம் வரை. அங்கே ஒலி தெளிவாகப் பிரிந்து கேட்டால் பள்ளங்கள் நன்றாக இருக்கின்றன.

புகைப்படங்கள்: இரண்டு லேபிள்கள், இரண்டு பக்கமும் ரன்-அவுட், அட்டையின் நான்கு விளிம்புகள், முதுகுப் பகுதி. இவற்றைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். உலகம் முழுக்க விற்பனையாளர்கள் இருக்கிறார்கள், அவசரமே இல்லை.

விலையும் அனுப்புதலும்

விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்த்துச் சந்தை விலையை முடிவு செய்யாதீர்கள். உண்மையில் விற்ற விலைதான் கணக்கு. டிஸ்காக்ஸில் ஒவ்வொரு பதிப்புக்கும் விற்பனை வரலாறு இருக்கிறது. பாப்சைக் தளத்தில் பழைய ஏல முடிவுகள் கிடைக்கும். ஒரே பதிப்பு, ஆனால் நிலை ஒரு படி இறங்கினாலே விலை வெகுவாக இறங்கும். அட்டை சுமாராக, தட்டு நன்றாக இருக்கும் பிரதிதான் கேட்க விரும்புகிறவர்களுக்கு நல்ல பேரம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவோடு சுங்க வரியும் சேரும். வாங்கும் முன்பே அதைக் கூட்டிப் பாருங்கள். தட்டை அட்டைக்கு வெளியே எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு பக்கமும் விறைப்பான அட்டை கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால், வழியில் பெட்டி விழும்போது தட்டின் விளிம்பு அட்டையின் தையலைக் கிழித்துவிடும்.

வந்து சேர்ந்ததும்

உடனே ஓட்டாதீர்கள். முதலில் சுத்தம் செய்யுங்கள். காய்ச்சி வடித்த நீர், மென்மையான மைக்ரோஃபைபர் துணி, பள்ளத்தின் போக்கிலேயே துடைப்பது. லேபிளில் ஈரம் படக் கூடாது. வசதி இருந்தால் உறிஞ்சு வகைத் துப்புரவு இயந்திரம் இன்னும் நல்லது.

மோனோ தட்டை இன்றைய ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (பிளேயரில் முள்ளைத் தாங்கும் பாகம்) தாராளமாக ஓட்டலாம். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இரைச்சல் கணிசமாகக் குறையும். முள்ளின் எடை கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்கட்டும், பெரும்பாலும் 2 கிராமை ஒட்டி வரும். வீட்டில் 78 சுழற்சித் தட்டுகளுக்கான பழைய பிளேயர் இருந்தால் அதில் இதைப் போடவே போடாதீர்கள். அந்த முள் எல்பியின் பள்ளத்துக்கு மிகவும் தடிமன்.

எமிடெக்ஸ் உள்ளுறை இருந்தால் அதைத் தட்டுக்கு உறையாகப் பயன்படுத்தாமல் தனியே ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அட்டைக்குப் பின்னால் வையுங்கள். தட்டுக்கு நிலைமின் தடுப்பு உள்ளுறை புதிதாக வாங்குங்கள். செங்குத்தாக நிறுத்துங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். வெளிச்சுவர் பக்கமும் ஜன்னல் பக்கமும் அலமாரி வேண்டாம். நம் ஊர் மழைக்காலத்தில் அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு மூன்று போட்டு வைத்து, அவ்வப்போது மாற்றுங்கள். கடையிலிருந்து வாங்கி வரும் நாளில் காரில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். மூடிய காரில் மதிய வெயில் பட்டால் வினைல் வளைந்துவிடும், அதைப் பழையபடி நிமிர்த்துவது கடினம்.